அடிபட்ட பிள்ளைக்குப் படுக்கையிலும் ஓர் ஆபத்து

பீன்யா தொழிற்பேட்டையை ஒட்டிய துமகூரு சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. அங்கே மோட்டார் சைக்கிளில் செல்லும் பையன் விழுந்து தொடை எலும்பு முறிந்தால், ‘எலும்பு கூடினால் போதும்’ என்று பெற்றோர் ஆறுதல் அடைவார்கள். ஆனால் படுக்கையில் இன்னொரு ஆபத்து உண்டு. அதுதான் இரத்த உறைவு.

ஓட்டம் மந்தமாவது, இரத்தக் குழாயில் காயம், இரத்தம் எளிதில் உறையும் தன்மை ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்கள். பலத்த அடிபட்டுப் படுத்திருப்பவருக்கு மூன்றும் ஒன்றுசேரலாம். காலில் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே மோசம்.

சிறு குழந்தைகளுக்கு இது அபூர்வம். பருவ வயதில் ஆபத்து கூடுகிறது. 15 வயதைத் தாண்டியவர்களுக்கு, இரத்தக் கசிவு அபாயம் குறைவாக இருந்தால், தடுப்பு மருந்தைப் பரிசீலிக்கலாம் என்று 2017-ல் அமெரிக்க விபத்துச் சிகிச்சை நிபுணர்கள் பரிந்துரைத்தனர். ஹெப்பாரின் வகை ஊசி இதற்குப் பயன்படுகிறது. தலையிலோ வயிற்றிலோ கசிவு இருந்தால் டாக்டர்கள் ஊசியைத் தள்ளிப்போடுவர். அப்போது காலை விட்டுவிட்டு அழுத்தும் காற்றுறை கை கொடுக்கும்.

வீட்டார் செய்ய வேண்டியது என்ன? டாக்டர் அனுமதித்ததும் கணுக்காலை அசைக்கவும், எழுந்து நடக்கவும் பிள்ளைக்குத் துணை நிற்க வேண்டும். கால் வீக்கமும் வலியும் திடீரென்று கூடினால் எண்ணெய் தேய்த்து நீவக் கூடாது. மூச்சுத் திணறினாலோ மார்பு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பாஷை தெரியாதே என்று தயங்க வேண்டாம். “காலு ஊதிதெ” என்று கன்னடத்தில் சொன்னால், கால் வீங்கியிருப்பது நர்சுக்குப் புரியும்.