உங்களுக்குத் தெரியுமா? 64 கிலோபைட்டில் ஓர் இராச்சியம்!

வாவிக்கரைத் தன்னாமுனையில் ஒரு பிள்ளையின் கையிலுள்ள சாதாரண ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியே போதும், கதைமாந்தராகவே மாறி ஆடும் ‘ரோல் பிளேயிங்’ விளையாட்டுகளின் பொற்காலத்துக்குள் நுழைய!

அத்தகைய விளையாட்டுகளில் ஒன்றாக 1986 மே 27இல் ஜப்பானில் வெளிவந்தது ‘டிராகன் குவெஸ்ட்’. வடிவமைத்தவர் யூஜி ஹோரி. அரக்கர்களை வரைந்தவர் ‘டிராகன் பால்’ படைத்த அகிரா தொரியாமா. கோட்டை, ஊர்கள், குகைகள், இசை எல்லாமே 64 கிலோபைட்டுக்குள் அடங்கின. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது! ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி அதில் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடர, திரையில் வரும் நீண்ட கடவுச்சொல்லைத் தாளில் எழுதிவைத்தார்கள்.

புதியவர்கள் எங்கே தொடங்கலாம்? ‘குரோனோ டிரிகர்’ (1995) அருமையான வாசல். ‘ஃபைனல் ஃபேன்டசி’யைத் தொடக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, ஹோரி, தொரியாமா மூவரும் இணைந்த படைப்பு இது. இறுதி எதிரியை எப்போது வெல்கிறோம் என்பதைப் பொறுத்துக் கதையின் முடிவே மாறும்.

நம் மண்ணுக்கு நெருக்கமான கதை வேண்டுமா? இந்தியாவின் பைரோடாக்டைல் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’, பஞ்சத்தில் வாடும் ஒரு பண்டைய இந்திய நகரைக் காட்டுகிறது. விவசாயப் பெண், இளவரசி, நாகர் தூதர் எனப் பலராக நாம் மாறுகிறோம். சண்டை அரிது, பேச்சும் தெரிவுகளுமே கதையை நகர்த்துகின்றன.

‘குரோனோ டிரிகர்’ ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. ‘அன்ரெஸ்ட்’ விளையாடக் கணினி தேவை.