கிளினிக்கில் மின்படிவம்

கிளினிக்கிற்கு வரும் புதிய நோயாளியிடம் பெயர், வயது, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி வாங்குகிறார்கள். ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தால் என்ன பொருள்? பென்சிலின் ஒத்துக் கொள்ளும் என்பதா, கேட்கவே இல்லை என்பதா? டாக்டருக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் படிவத்தில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கலாம். இலவசமாகக் கிடைக்கும் கூகுள் ஃபார்ம்ஸில் மல்டிபிள் சாய்ஸ் கேள்வி ஒன்றை அமைத்து, 'உண்டு', 'இல்லை', 'தெரியாது' என மூன்று விடைகள் தரவும். கீழே உள்ள 'ரிக்வயர்டு' என்பதனை ஆன் செய்திடவும். இனி விடை தராமல் படிவத்தை அனுப்ப முடியாது. எந்த மருந்து என டைப் செய்திட அடுத்த கேள்வியை வைக்கவும். வயதிற்குப் பதில் பிறந்த தேதியைக் கேட்கவும். வயது ஓராண்டில் தவறாகிவிடும்.

விடைகளைக் கூகுள் ஷீட்ஸ் பைலில் சேமித்தால், கண்ட்ரோல், எஃப் கீகளை அழுத்திப் பெயரைத் தேடலாம். அந்தப் பைலின் 'ஷேர்' பகுதியில் 'ரெஸ்ட்ரிக்டட்' என இருக்கிறதா எனப் பார்க்கவும். லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என மாற்றினால், அனைவரின் நோய் விவரமும் வெளியே போகும்.

இன்டர்நெட் இல்லாத நாளுக்குச் சில காகிதப் படிவங்கள் இருக்கட்டும். அவற்றிலும் அதே மூன்று விடைகளை அச்சிடுங்கள்.