விண்மீன் ஒளிக்கு ஒரு சில்லு

தொலைநோக்கியின் ஆடி பெரிதாகும்போது, அதன் ஒளியை ஆராயும் கருவியும் பெரிதாக வேண்டியுள்ளது. வளிமண்டலக் கொந்தளிப்பால் விண்மீனின் உரு புள்ளியாக அமையாமல் பரவுகிறது. ஆடி வளர வளர, குவியத்தில் அவ்வுருவும் அகலமாகிறது. அதற்கேற்ப நிறமாலைமானியின் வில்லைகளும் பெருக்கின்றன. எடையும் செலவும் ஏறுகின்றன. இச்சிக்கலுக்குரிய விடைகளுள் ஒன்று ஒளியியல் சில்லு.

அதற்கு முந்தைய படி ஒளியிழை. தமிழ்நாட்டின் காவலூரில் 1986இல் தொடங்கப்பெற்ற 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி திரட்டும் ஒளியை, தனி அறையிலுள்ள நிறமாலைமானிக்கு இழைவழியே கொண்டு செல்ல முடிகிறது. கனமான கருவியைத் தொலைநோக்கி சுமக்க வேண்டியதில்லை.

சில்லு இதனினும் ஒரு படி மேலே செல்கிறது. கண்ணாடித் தகட்டினுள், சுற்றுப்புறத்தைவிட ஒளிவிலகல் எண் சற்று மிகுந்த நுண்தடங்களை அமைக்கின்றனர். முழு அகப் பிரதிபலிப்பால் ஒளி, வாய்க்கால் நீர்போல் அத்தடத்திலேயே ஓடும். தடங்கள் பிரியுமிடத்தில் பிரியும், கூடுமிடத்தில் கூடும். மேசை நிறைய ஆடிகள் செய்த பணியைக் கையடக்கத் தகடு செய்துவிடுகிறது.

சிலி நாட்டின் பரானால் மலையிலுள்ள ‘கிராவிட்டி’ கருவி இதற்குச் சான்று. 8.2 மீட்டர் ஆடி கொண்ட நான்கு தொலைநோக்கிகளின் ஒளியை அதன் சில்லு ஒன்றுசேர்க்கிறது. அவ்வொளியலைகளின் குறுக்கீட்டால், ஏறத்தாழ 130 மீட்டர் அகலத் தொலைநோக்கிக்குரிய கூர்மை கிட்டுகிறது. 2018 மே மாதம், நம் பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளையை எஸ்2 என்னும் விண்மீன் நெருங்கிக் கடந்தபோது, அதன் இருப்பிடத்தை இக்கருவி நுட்பமாக அளந்தது. பிற கருவிகளின் அளவீடுகளும் சேர்ந்து, ஐன்ஸ்டைன் கூறிய ஈர்ப்புச் செம்பெயர்ச்சியை உறுதிப்படுத்தின.

குறையும் உண்டு. பரவிய ஒளியை ஒற்றை நுண்தடத்துள் செலுத்தும்போது பெரும்பகுதி வீணாகும். அதனை ஈடுசெய்ய, அகன்ற இழையொன்றின் ஒளியைப் பல நுண்ணிழைகளுக்குப் பகிரும் ‘லாந்தர்’ என்னும் அமைப்பை உருவாக்கியுள்ளனர்.

முகிலும் நகர்வெளிச்சமும் மூடிய கிள்ளான் பள்ளத்தாக்கு, பெருந்தொலைநோக்கிக்கு ஏற்ற இடமன்று. ஆனால் சில்லு பிறப்பது மலையுச்சியிலன்று, ஆய்வுக்கூடத்தில். பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிறு தொலைவிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஒளியிழை, லேசர் ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடைபெறுகின்றன. அவ்வாய்வுகளுக்கு அடிப்படையான முழு அகப் பிரதிபலிப்பையும் அலைக் குறுக்கீட்டையும் நம் மாணவர்கள் இடைநிலைப் பள்ளியிலேயே மலாயிலும் ஆங்கிலத்திலும் கற்கின்றனர். அவற்றைத் தமிழிலும் விளக்கி, இச்சில்லை எடுத்துக்காட்டாகச் சொன்னால், வானியலுக்குச் செல்லும் வழி ஆய்வுக்கூடத்திலும் தொடங்குகிறது என்பதை அவர்கள் உணர்வர்.