ஐடியா சூப்பர் ப்ரோ... ஆனா, காசு கொடுத்து யார் வாங்குவாங்க?

20 லிட்டர் தண்ணி கேனை ஸ்கூட்டரில் கொண்டு வந்த அனுபவம் உண்டா? கால் வைக்கிற இடத்தில் கேனை நிறுத்தி, ரெண்டு முழங்காலாலும் அணைச்சுப் பிடிச்சு, ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் சாமியைக் கும்பிட்டபடி வீடு வந்து சேர்வது தனிக் கலை. அப்படி ஒருநாள் வரும்போது உங்களுக்கு ஒரு ஐடியா தோணுதுன்னு வெச்சுக்குவோம். கேன் ஆடாமல் நிற்க ஒரு பிளாஸ்டிக் பிடிமானம். மாட்டினா நிக்கணும், கழற்றினா சீட்டுக்கு அடியில் போயிடணும்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது. நோட்டில் படம் வரைவீங்க. நெருங்கிய நண்பனிடம் காட்டினால், "செம மச்சி, உடனே பேட்டன்ட் வாங்கு, வேற யாராவது சுட்டுடப்போறாங்க" என்பான்.

பேட்டன்ட் முக்கியம்தான், அதுக்குப் பிறகு வருவோம். ஐடியா திருடுபோவதைவிட அதிகமாக நடக்கும் விஷயம் ஒண்ணு இருக்கு. பொருள் தயாராகி, வீட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கி வெச்சிருக்கும். வாங்கத்தான் ஆள் இருக்காது. அந்த நிலைமைக்குப் போகாமல் இருக்க என்ன செய்யணும் என்பதை இந்தத் தண்ணி கேன் பிடிமானத்தையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

யாருடைய பிரச்னை இது?

உங்க வீட்டு மிக்ஸியிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1960-களின் தொடக்கத்தில் சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் இன்ஜினீயர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் மனைவி மாதுரி பயன்படுத்திய ஜெர்மன் மிக்ஸி பழுதானது. இங்கே அதைச் சரிசெய்ய வழி இல்லை. 'நீங்களே ஒண்ணு செஞ்சு கொடுங்களேன்' என்று மனைவி சொல்ல, அதில் பிறந்ததுதான் 1963-ல் வந்த சுமீத் மிக்ஸி.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. மின்சாரத்தில் அரைக்கும் மெஷின் ஏற்கெனவே இருந்தது. மாத்தூர் புதுசா ஒரு தத்துவத்தைக் கண்டுபிடிக்கலை. வெளிநாட்டு மெஷின்கள் ஜூஸ் அடிக்கவும், மென்மையான பொருள்களைக் கலக்கவும் செய்யப்பட்டவை. நம்ம வீட்டில் அதே ஜாரில் ஊறவைத்த உளுந்து, தேங்காய், காய்ந்த மிளகாய், மஞ்சள் கிழங்கு வரைக்கும் போடுவோம். அந்தச் சுமையை நிமிஷக்கணக்கில் தாங்கும் மோட்டார் வேணும். அந்த ஒரு தேவையைச் சரியாகப் பிடிச்சதால்தான் அந்தப் பெயர் ஒரு தலைமுறைக்கு மிக்ஸிக்கே மறுபெயராக இருந்தது.

சரி, தண்ணி கேனுக்கு வாங்க. ஸ்கூட்டரில் கேன் கொண்டு போறவர்கள் இப்போ என்ன செய்றாங்க? கயிறு கட்டுறாங்க. பழைய டியூபை வெட்டிக் கட்டுறாங்க. பலர் முழங்காலை நம்புறாங்க. உங்களுடைய உண்மையான போட்டி வேற கம்பெனி இல்லை, இந்த முழங்கால்தான். அது இலவசம்! அதைத் தோற்கடிக்கிற அளவுக்கு உங்க பொருளில் வசதி இருக்கா? ஒரு சனிக்கிழமை காலையில் தண்ணி கடை வாசலில் ரெண்டு மணி நேரம் நின்னு பாருங்க. எத்தனை பேர் ஸ்கூட்டரில் வர்றாங்க, எத்தனை பேருக்கு வீட்டுக்கே கேன் வந்துடுது, ஒருத்தர் ஒரு கேன் எடுத்துட்டுப் போறாரா, ரெண்டா? செலவே இல்லாத மார்க்கெட் ரிசர்ச் இது.

'சூப்பர்' என்ற பொய்

கோவை முருகானந்தம் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குறைந்த விலை நாப்கின் தயாரிக்கும் மெஷினை உருவாக்கி, பத்மஸ்ரீ வாங்கியவர். அவர் கதையில் பலரும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு கட்டம் உண்டு. தன் நாப்கினைப் பரிசோதிக்க மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்து, கருத்து எழுத படிவமும் கொடுத்தார். திரும்பப் போய்ப் பார்த்தால், இரண்டு மூன்று பேர் மட்டும் உட்கார்ந்து எல்லாருடைய படிவத்தையும் அவசர அவசரமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருத்தை நம்பி என்ன செய்ய முடியும்? வேற வழியில்லாமல் தன்மேலேயே சோதனை செய்து பார்த்தார் மனிதர்.

உங்க நண்பர்களும் அதே படிவத்தைத்தான் நிரப்புவாங்க. கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை, உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு. அதனால் 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீங்க. முன்பின் தெரியாத ஒருத்தரிடம் சாம்பிளைக் காட்டி, '399 ரூபாய், இப்போ 100 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தா அடுத்த மாசம் கையில் தர்றேன்' என்று சொல்லிப் பாருங்க. ஜிபே திறக்கிற கை எத்தனை என்பதுதான் பதில். (இந்தச் சோதனையை வெளி ஆட்களிடம் செய்வதற்கு முன் கீழே உள்ள பேட்டன்ட் பகுதியையும் படிச்சுடுங்க. வரிசை முக்கியம்.)

சாம்பிள் என்றதும் பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். முதல் மாடலுக்கு அட்டையும் தெர்மாகோலும் போதும். அளவு சரியா வந்ததும் 3டி பிரின்ட் பண்ணலாம். அட்டையில் செய்யும்போதே ஒரு குண்டு விழும், பாருங்க. ஒரு கம்பெனி ஸ்கூட்டரின் கால் வைக்கும் தளம் மாதிரி இன்னொன்றில் இருக்காது. அகலம் வேற, நடுவில் மேடு வேற. அப்போ எல்லா வண்டிக்கும் பொருந்துற மாதிரியா, அதிகம் ஓடும் ரெண்டு மாடலுக்கு மட்டுமா? இந்த முடிவை அட்டையில் எடுத்தால் செலவு 50 ரூபாய். பிளாஸ்டிக் வந்த பிறகு எடுத்தால் லட்சம்.

இப்போ கணக்கு நோட்டை எடுங்க

பிளாஸ்டிக் பொருளை ஆயிரக்கணக்கில் செய்ய மோல்டு வேணும். தொழிலில் 'டை' என்றும் சொல்வாங்க. உருக்கிய பிளாஸ்டிக்கை ஊற்றி அழுத்தும் இரும்பு அச்சு. அதுதான் முதல் பெரிய செலவு. நம் பிடிமானத்துக்கு மோல்டு 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இங்கே வரும் எண்கள் எல்லாம் கணக்கைப் புரிந்துகொள்ள நானே போட்டவை. உங்க பொருளுக்கு உங்க எண்களைப் போட்டுக்கோங்க.)

விற்பனை விலை 399. அதில் 18% ஜி.எஸ்.டி இருந்தால், வரி போக மிஞ்சுவது 338. கடைக்காரருக்கு அதில் 25%, அதாவது 85 ரூபாய். விநியோகஸ்தருக்கு 10%, 34 ரூபாய். மீதி 219. அட்டைப் பெட்டி, லாரி வாடகை, உடைந்து திரும்பி வருவது எல்லாம் சேர்த்து 40 போனால் 179. பிளாஸ்டிக்கும் தயாரிப்புக் கூலியும் 110. கடைசியில் உங்க கையில் நிற்பது 69 ரூபாய்!

மோல்டு போட்ட 3 லட்சத்தை எடுக்கவே சுமார் 4,300 பீஸ் விற்கணும். அதுவரைக்கும் உங்க சம்பளம் பூஜ்யம்.

'399 ஜாஸ்தியா தெரியுது, 349-க்குக் கொடுத்துடலாம்' என்று மனசு சொல்லும். அதே கணக்கைத் திரும்பப் போட்டால் பீஸுக்கு நிற்பது 42 ரூபாய்தான். போட்ட காசை எடுக்க 7,100 பீஸ் வேணும். வெறும் 50 ரூபாய் குறைச்சதுக்கு இவ்வளவு. கடையை விட்டுட்டு நேரா ஆன்லைனில் விற்றால் கடைக்காரர் பங்கு மிச்சம்னு நினைக்காதீங்க. ஆன்லைன் தளத்தின் கமிஷன், கூரியர், விளம்பரம், ரிட்டர்ன் என்று அந்தப் பங்கு வேற பெயரில் வெளியே போயிடும்.

அதனால் மோல்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே இந்தக் கணக்கு முடிந்திருக்கணும். கணக்கு ஒத்துவரலைன்னா டிசைனை மாத்துங்க. கம்பியை வளைச்சுச் செய்ய முடியுமா? தார்ப்பாய்த் துணியில் தைக்க முடியுமா? அதுக்கு மோல்டே வேண்டாமே! முதல் 200 பீஸை அப்படிச் செய்து விற்றுப் பார்த்துட்டு, பிறகு பிளாஸ்டிக் பக்கம் போகலாம்.

விலைக்கு ஏற்ப பொருளையே மாற்றுவதில் கில்லாடி யார் தெரியுமா? நம்ம கடலூர்க்காரர்கள். ஷாம்பு அங்கே கண்டுபிடிக்கப்படலை. பாட்டில் வாங்க முடியாதவங்க ஷாம்பு போட முடியாது என்ற நிலைமை இருந்தப்போ, அதை ஒரு குளியலுக்கான பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று யோசித்தவர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயுடன் தனியாகத் தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பு, இன்றைய கெவின்கேர். காலி பாக்கெட்டுகளைக் கொண்டு வந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று திட்டம் போட்டாங்க. முதலில் எந்த பிராண்டு காலி பாக்கெட்டும் செல்லும். பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினாங்க. செம மூளை! பின்னாளில் 50 காசுக்கும் பாக்கெட் வந்தது. இந்தக் கதையில் கண்டுபிடிப்பு ஷாம்புவில் இல்லை, அதன் அளவிலும் விலையிலும் இருக்கு.

ரீல்ஸ் போடுறதுக்கு முன்னாடி...

இப்போ பேட்டன்ட். காப்புரிமை கிடைக்கணும்னா கண்டுபிடிப்பு உலகத்துக்கே புதுசா இருக்கணும், அந்தத் துறை தெரிந்தவருக்குச் சட்டெனத் தோன்றாததாகவும் இருக்கணும். 'உலகத்துக்கே புதுசு' என்பதில் நீங்களே வெளியிட்ட வீடியோவும் அடங்கும்! சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, விண்ணப்பிக்கும் முன் நீங்க போட்ட இன்ஸ்டா ரீல்ஸே உங்க விண்ணப்பத்துக்கு எதிரான ஆதாரமாகிடும். அட்வான்ஸ் வாங்க வெளி ஆட்களிடம் சாம்பிள் காட்டுவதும் இதே வகையில் சிக்கலாகலாம். அதனால் முதலில் விண்ணப்பம், பிறகு விளம்பரம்.

இதுக்கு ஒரு எளிய வழி இருக்கு. முழு விவரம் தயாராகலைன்னாலும் தற்காலிக விண்ணப்பம் தாக்கல் செய்யலாம். தனிநபர் ஆன்லைனில் செய்தால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். அந்தத் தேதி உங்களுக்கு உறுதியாகிடும். முழு விண்ணப்பத்தைத் தர 12 மாசம் டைம். அந்த ஒரு வருஷத்தில் மேலே சொன்ன சோதனை, கணக்கு எல்லாத்தையும் முடிச்சுடலாம். தேறலைன்னா நஷ்டம் ஆயிரங்களோடு போச்சு. தேறினால், பரிசோதனைக்கு விண்ணப்பிக்க தனிநபருக்கு 4,000 ரூபாய். காப்புரிமை ஏஜென்ட் கட்டணம் தனி, அதுதான் பெரிசு. விண்ணப்பிக்கும் முன் கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்திலும், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் பக்கத்திலும் ரெண்டு நாள் செலவு பண்ணுங்க. 'எனக்கு மட்டும்தான் தோணுச்சு' என்ற நினைப்பு பெரும்பாலும் அங்கேயே கரைஞ்சுடும்.

ஒரு உண்மையையும் சொல்லிடுறேன். நம்ம கேன் பிடிமானத்துக்கு பேட்டன்ட் கிடைப்பது கஷ்டம். தெரிந்த பொருள்களை வேற மாதிரி அடுக்குவதைச் சட்டம் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. அதன் தோற்றம் புதுசா இருந்தால் டிசைன் பதிவு செய்யலாம். 10 வருஷம் பாதுகாப்பு, மேலும் 5 வருஷம் நீட்டிக்கலாம். இதுக்கும் முன்கூட்டியே வெளியிடாமல் இருக்கணும். பெயருக்கு டிரேட்மார்க், தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய். இந்த மாதிரி சின்னப் பொருள்களுக்கு பேட்டன்ட்டைவிட நல்ல பெயரும், வேகமாகக் கடைக்குப் போவதும்தான் அதிகம் கைகொடுக்கும் என்பது என் கருத்து.

பேட்டன்ட் கையில் இருந்தாலே பணம் வந்துடாது என்பதற்கு அமெரிக்காவின் ராபர்ட் கியர்ன்ஸ் சாட்சி. லேசான தூறலில் விட்டு விட்டு ஓடுதே, அந்த கார் வைப்பர், அதை உருவாக்கி 1960-களில் காப்புரிமை பெற்றவர். ஃபோர்டு நிறுவனத்திடம் காட்டினார். ஒப்பந்தம் நடக்கலை, ஆனால், அந்த மாதிரி வைப்பர் கார்களில் வந்துவிட்டது. 1978-ல் வழக்கு போட்டார். 1990-ல்தான் ஃபோர்டிடமிருந்து சுமார் 1 கோடி டாலர் கிடைத்தது. பெரிய தொகைதான். ஆனால், தன் வைப்பரைத் தானே தொழிற்சாலை வெச்சுத் தயாரிக்கணும் என்பதுதான் அவர் ஆசை. அது நடக்கவே இல்லை. இடையில் குடும்பமும் பிரிந்தது.

மோல்டு யாருடையது?

எல்லாம் ஒத்துவந்து, அம்பத்தூரிலோ கோவையிலோ ஒரு தயாரிப்பாளரிடம் போறீங்க. வாய்ப் பேச்சில் வேலையை ஆரம்பிக்காதீங்க. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்க. மோல்டுக்கான பில் உங்க பெயரில் இருக்கணும். 'மோல்டு உரிமை என்னுடையது, கேட்கும்போது திருப்பித் தரணும், வேற யாருக்கும் இதில் பீஸ் அடிக்கக் கூடாது' என்று எழுத்தில் இருக்கணும். இல்லைன்னா, விலையை ஏத்தினாலும் நீங்க அவரை விட்டு நகர முடியாது.

பெட்டியில் எம்.ஆர்.பி, தயாரிப்பாளர் பெயர் முகவரி, தயாரித்த மாதம் வருஷம், எண்ணிக்கை, வாடிக்கையாளர் தொடர்பு விவரம் அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ, பல மின்சாதனங்களுக்கு பி.ஐ.எஸ் என்று கூடுதல் படிகள் உண்டு.

காசு? மத்திய அரசின் நிதி பிரயாஸ் திட்டத்தில் முன்மாதிரி செய்ய 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும்; அதை நடத்தும் இன்குபேஷன் மையங்கள் வழியாக விண்ணப்பிக்கணும். தமிழ்நாட்டில் தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டம் இருக்கு. ஸ்டார்ட்அப் டி.என் தளத்தையும் பாருங்க. எங்கே போனாலும் முதலில் கேட்கப்போறது, 'இதுவரைக்கும் எத்தனை பேர் வாங்கியிருக்காங்க?' என்பதுதான். தண்ணி கடை வாசலில் வாங்கிய அந்த 100 ரூபாய் அட்வான்ஸ் ரசீதுகளை மறக்காமல் ஃபைலில் வெச்சு எடுத்துட்டுப் போங்க.