மெட்ராஸ் இல்லை... பழவேற்காடு உண்டு! பழைய வரைபடங்கள் காட்டும் திருவள்ளூர்

1639-க்கு முன் ஐரோப்பாவில் அச்சான இந்திய வரைபடங்களில் மெட்ராஸைத் தேடினால் கிடைக்காது. கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே இடம் வாங்கியதே அந்த ஆண்டில்தான். ஆனால், 'பலியகாட்' என்பதுபோல ஒரு பெயர் கண்ணில் படும். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடுதான் அது! டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்குத் தலைமையிடமாக வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட தாள்களைத் தேடிப்பிடித்துச் சேகரிப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுண்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், தனி வரைபடம் சேர்ப்பது பழைய பொழுதுபோக்கு. 1579-ல் வெளியான கிறிஸ்டோபர் சாக்ஸ்டனின் அட்லஸ், 1611-12-ல் வந்த ஜான் ஸ்பீடின் அட்லஸ் இரண்டுக்கும் தனி மவுசு. தனித்தாளாக விற்றால் லாபம் என்று பல அட்லஸ்களைப் பிரித்தே விட்டார்கள்.

நம் மாவட்டத்துக்கும் அப்படியொரு சொத்து இருக்கிறது. பொன்னேரிப் பகுதியையும் உள்ளடக்கிய செங்கல்பட்டு ஜாகீரை, தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் 1767 முதல் 1774 வரை அளந்தார். சுமார் 2,000 கிராமங்களின் வீடுகள், நிலங்கள், ஏரிகளுக்குக் கணக்கு எழுதப்பட்டது. அந்த ஆவணங்கள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி ஆலைகளும் மனைகளும் பெருகும் காலம் இது. 'இங்கே ஏரி இருந்ததா, கால்வாய் எந்தப் பக்கம் போனது?' என்ற கேள்வி வரும்போது, பழைய வரைபடம் வெறும் அலங்காரப் பொருள் அல்ல, சாட்சி!

அசலா, நகலா?

* பூதக்கண்ணாடியில் பாருங்கள். செப்புத்தகட்டில் அச்சானது என்றால் கோடுகள் அறுபடாமல் ஓடும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இக்கால அச்சு.

* தாளின் ஓரத்தைத் தடவினால் தகடு அழுந்திய தடம் கையில் படலாம். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அது இருக்காது.

* மிகப் பழைய தாளை வெளிச்சத்தில் பிடித்தால் கம்பிக்கோடுகள் தெரியும்.

* லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செல்லோடேப்பும் கூடாது. வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள்.

பணம் இல்லாமலும் தொடங்கலாம். டேவிட் ரம்சே வரைபடத் தொகுப்பின் இணையதளத்தில் பழைய வரைபடங்களை இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதைவிட எளிய முதல் படி, சொந்த ஊரின் கிராம வரைபடம். நில அளவைத் துறையில் விண்ணப்பித்து ஒரு பிரதி வாங்குங்கள். வீட்டுப் பெரியவரை அருகில் உட்காரவைத்து, ஏரி, ஓடை, பாதை ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் கேளுங்கள். சொல்வதைத் தேதியோடு எழுதி, அந்தப் படத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவே பழைய வரைபடம்.