தாத்தா படத்தில் ஏன் பச்சை ஏறுகிறது?

அஞ்சுகிராமம் பக்கத்து வீடுகளில் முன்னறைச் சுவரில் மாலையோடு தொங்கும் பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் கருப்பாகத் தெரிவது சாயமல்ல, வெள்ளி. ஜெலட்டின் பூச்சுக்குள் படிந்த வெள்ளித் துகள்கள் அடர்ந்த இடம் கருப்பு, மெலிந்த இடம் சாம்பல். அந்தப் படம் பூஞ்சை பிடித்ததும் ஸ்கேன் செய்து, இங்க்ஜெட் பிரிண்டரில் புதிதாக அச்சிட்டு வாங்குகிறோம். கடையில் சரியாக இருந்த படம் வீட்டு டியூப்லைட்டில் பச்சையடிக்கிறது. ஜன்னலோரம் கொண்டுபோனால் ஊதா தட்டுகிறது. ஸ்டூடியோக்காரரின் கைக்குறை என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் குறை அவர் கையில் இல்லை, மையில் இருக்கிறது.

எப்சன் எல்805 போன்ற பிரிண்டரில் 6 டாங்குகள்: கருப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள், வெளிர் சயான், வெளிர் மெஜந்தா. எல்லாம் சாய மை. கருப்பு ஒன்றே ஒன்று. சாம்பல் மை கிடையாது. ஆகவே தாத்தாவின் கன்னத்து மெல்லிய சாம்பலை வண்ணங்களைக் கலந்துதான் அது உண்டாக்க வேண்டும். கல்யாணப் படத்தில் இந்தக் கலவை இம்மி பிசகினாலும் பட்டுப்புடவையின் நிறம் அதை மறைத்துவிடும். சாம்பலில் மறைய இடமில்லை, கண் உடனே பிடித்துக்கொள்ளும். விளக்கு மாறினால் கலவையின் தோற்றமும் மாறும். வருடங்கள் போகப்போக ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில் வெளிறும். கடலோர ஊர்களின் ஈரக்காற்று அதற்குத் துணைபோகும். வாங்கிய அன்று சரியாயிருந்த படமும் பிறகு நிறம் சாய்வது இதனால்தான்.

இதற்குத் தீர்வு, சாம்பலையே மையாக வைத்திருக்கும் பிரிண்டர். 2005-இல் எப்சன் ஆர்2400 கருப்பை மூன்று அடர்த்திகளில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஜான் கோன் உருவாக்கிய பியசோகிராஃபி முறையில் வண்ண மைகளை அகற்றிவிட்டு, பல அடர்த்திச் சாம்பல் மைகளையே நிரப்புகிறார்கள். இவை சாய மை அல்ல, நிறமி மை; இவற்றின் கருப்பு கார்பன். ஓலைச்சுவடியில் எழுத்து தெரிய நம் முன்னோர் தடவிய அதே கரி. வெளிச்சத்தில் அது எளிதில் வெளிறாது. ஆனால் ஒன்று: தனிக் கார்பனை மெலிதாக அச்சிட்டால் பழுப்புச் சாயல் வரும். அதை நடுநிலைக்கு இழுக்கக் கொஞ்சம் வண்ண நிறமி தேவை. "கார்பன் மை" என்ற பெயர் மட்டும் நடுநிலைச் சாம்பலைத் தந்துவிடாது.

பிரிண்டருக்கு நல்ல புரொஃபைல் (நிறத்தைத் திருத்தும் கோப்பு) போட்டால் போதாதா என்பார்கள். உதவும், ஆனால் குறிப்பிட்ட ஒரு வெளிச்சத்துக்குத்தான் அது கணக்கிடப்படுகிறது. கருப்பு மையை மட்டும் வைத்து அச்சிட்டால் நிறம் அவ்வளவாகச் சாயாது. ஆனால் வெளிர் இடங்களில் புள்ளிகள் தள்ளித்தள்ளி விழுந்து முகம் மணல் தூவியதுபோல ஆகிவிடும். சாய மை பிரிண்டரிலேயே நிறமி மையை ஊற்றுவது இன்னும் மோசம்: நாசில் அடைத்துக்கொள்ளலாம், கருப்பும் ஒன்றாகவே இருக்கும். விலை பற்றிய மறுப்பு மட்டும் நியாயமானது. மாதம் நாலைந்து கருப்பு வெள்ளைப் படம் அச்சிடும் சிற்றூர் ஸ்டூடியோ இதற்கென்று தனி பிரிண்டர் வாங்க முடியாது; வாங்கவும் வேண்டாம். பளபளப்பான கல்யாண ஆல்பத்துக்குச் சாய மையே போதும். சுவரில் நிலைக்க வேண்டிய படத்தின் ஃபைலை மட்டும் சாம்பல் மை உள்ள லேபுக்கு அனுப்பினால் ஆயிற்று.

பழைய படத்தைக் கடையில் கொடுக்கும்போது, பிரிண்டரில் சாம்பல் மை உண்டா என்று கேளுங்கள். அச்சானதை டியூப்லைட்டிலும் வெயிலிலும் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் அந்த மூலப்படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.