நம்ம ஊரு யூனியன் ஸ்கூலுக்கும் ஒரு ஹிஸ்டரி இருக்குங்க!

உக்கடத்துல பொள்ளாச்சி பஸ் ஏறுங்க. ஜன்னல் சீட்டா பார்த்துப் பிடிங்க. காதுல மாட்டியிருக்கிற ஹெட்போனைக் கொஞ்ச நேரம் கழட்டி வெச்சுட்டு வெளியே பாருங்க. கிணத்துக்கடவு தாண்டினதும் தென்னந்தோப்புக்கு நடுவுல சின்னச் சின்ன ஊரா வரும். அந்த ஊருக்குள்ள நடந்தா ஒரு வேப்பமரம், ஒரு கொடிக்கம்பம், நாலு ரூம் உள்ள ஒரு கட்டடம். சுவத்துல ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ன்னு எழுதியிருக்கும்.

‘இதுல என்ன பாஸ் இருக்கு?’ன்னு கேக்கறீங்களா? அந்தப் பக்கத்துல கோதவாடின்னு ஒரு ஊர். 1958-ல அங்கே பிறந்து, அந்த ஊர்லயே ஆனா, ஆவன்னா படிச்சவர்தான் மயில்சாமி அண்ணாதுரை. 2008-ல நிலாவுக்குப் போன சந்திரயான்-1 திட்டத்தோட இயக்குநர். நிலாவுக்குப் போற ரூட் நம்ம கிணத்துக்கடவு வழியாவும் போயிருக்குங்க!

சரி, இந்த யூனியன் ஸ்கூல் எல்லாம் எங்கிருந்து வந்துச்சு? ‘கவர்ன்மென்ட் கட்டுச்சு’ன்னு ஒரே வரியில முடிச்சுடாதீங்க. அது கொஞ்சம் பெரிய கதை.

ஜில்லா போர்டு காலம்

உங்க பூட்டன் காலத்துல கிராமத்துப் பள்ளிக்கூடத்தை நடத்தினது தாலுகா போர்டும் ஜில்லா போர்டும். 1920-ல வந்த சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம்தான் இதுக்கு அஸ்திவாரம் போட்டுச்சு. பள்ளிக்கூடம் நடத்த உள்ளூர்லயே கல்வி வரி வசூலிக்கலாம்னு அது வழி பண்ணிக் கொடுத்துச்சு. அப்போ கோயமுத்தூர் ஜில்லான்னா இன்னைக்கு நாம பார்க்கிற சைஸ் இல்லை. ஈரோடு, திருப்பூர் எல்லாமே இதுக்குள்ளதான். 1979-ல ஈரோடு பிரிஞ்சுச்சு, 2009-ல திருப்பூர் பிரிஞ்சுச்சு.

இதுல நம்ம ஊருக்கு ஒரு பெருமை இருக்கு. சென்னை மாகாணத்தோட கல்வி அமைச்சர்கள்ல ரெண்டு பெரிய பேர் கொங்கு மண்ணுக்காரங்க. முதல் ஆள், திருப்பூர்ல பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். 1930-லயே ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை ஆரம்பிச்சவர். பெரியநாயக்கன்பாளையத்துல இன்னைக்கும் அது கம்பீரமா நிக்குது. 1946-லிருந்து 1949 வரைக்கும் கல்வி அமைச்சரா இருந்தப்போ, உயர்நிலைப் பள்ளிகள்ல தமிழ்வழிப் படிப்புக்கு வேகம் கொடுத்தார். ஊர் ஊரா நீங்க பார்க்கிற பொது நூலகத்துக்கு அடிப்படையான 1948 சட்டமும் அவர் காலத்துல வந்ததுதான்.

அரை நாள் ஸ்கூல்... முழு நாள் சண்டை!

அடுத்த ஆள் வர்றதுக்கு முன்னாடி ஒரு சூடான மேட்டர். 1953-ல முதலமைச்சர் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கத்துக்கணும். ‘ஒரே கட்டடம், ஒரே வாத்தியார், ரெண்டு ஷிப்ட்... நிறையப் பேர் படிக்கலாமே’ங்கிறது அரசாங்கத்தோட வாதம்.

‘அப்போ நெசவுக்காரர் பையன் தறிக்கும், குடியானவர் பையன் ஏருக்கும்தான் போகணுமா?’ங்கிறது எதிர்த்தவங்க கேட்ட கேள்வி. ஈரோட்டுப் பெரியார் இதுக்குக் ‘குலக்கல்வி’ன்னு பேர் வெச்சுக் கடுமையா எதிர்த்தார். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்புச்சு. 1954 ஏப்ரல்ல காமராஜர் முதலமைச்சர் ஆனார். அடுத்த மாசமே திட்டம் வாபஸ். அதை அறிவிச்ச கல்வி அமைச்சர் யார் தெரியுங்களா? பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்துல பிறந்த சி. சுப்பிரமணியம். பின்னாடி பசுமைப் புரட்சிக்காக நாடே கொண்டாடின அதே சி.எஸ்.தான்!

ஆறு காசும் நாலு காசும்

பள்ளிக்கூடம் முழு நாள் ஆயிடுச்சு. ஆனா வயித்துல ஒண்ணுமில்லாம மத்தியானம் எப்படிப் பாடம் கேக்கறது? 1956-ல ஆரம்பிச்ச மதிய உணவுத் திட்டத்துக்குக் காரணம் இதுதான். அது முழுக்க அரசாங்கப் பணத்துல நடக்கலை. ஒரு சாப்பாட்டுக்கு அரசு 6 காசு கொடுத்தா, ஊர்க்காரங்க 4 காசு போடணும். பணம் இல்லாதவங்க தானியமாவும் காய்கறியாவும் கொடுத்தாங்க.

அப்போ கல்வித்துறை இயக்குநரா இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இன்னொரு ஐடியாவும் பண்ணினார். 1958-லிருந்து ஊர் ஊராப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. பள்ளிக்கு என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் போட்டு ஊர் முன்னாடி வைப்பாங்க. ஒருத்தர் பெஞ்சு தருவார், ஒருத்தர் கடிகாரம் தருவார், இன்னொருத்தர் கட்டடம் கட்ட நிலமே எழுதிக் கொடுப்பார். உங்க ஊர்ப் பள்ளியில பழைய பெஞ்சோ, பீரோவோ இருந்தா அதுல ‘உபயம்’னு பேர் எழுதியிருக்கான்னு பாருங்க. உங்க அப்பாரு பேரே இருந்தாலும் இருக்கும்!

1958-ல வந்த பஞ்சாயத்துச் சட்டத்தால ஜில்லா போர்டு போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்துச்சு. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் அதுகிட்ட வந்தப்போ ஒட்டிக்கிட்ட பேர்தான் ‘யூனியன் ஸ்கூல்’. ஆனைமலையில இருந்து காரமடை வரைக்கும் இன்னைக்குக் கோவை மாவட்டத்துல இப்படி 12 ஒன்றியம். 1981 ஜூன்ல ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனாங்க. 1982 ஜூலையில எம்.ஜி.ஆரோட சத்துணவு வந்துச்சு. 2022-லிருந்து காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துக்கிச்சு.

மஞ்சள் வேன் வந்த பிறகு...

இப்போ கசப்பான பக்கம். 80-கள்லயும் 90-கள்லயும் கொங்கு நாட்டுல கையில நாலு காசு புழங்க ஆரம்பிச்சதும், ‘எம் பையன் இங்கிலீஷ்ல படிக்கோணும்’கிற ஆசையும் வந்துச்சு. தப்பே இல்லைங்க, எந்த அப்பா அம்மாவுக்கும் வர்ற ஆசைதான். ஊருக்குள்ள மஞ்சள் வேன் வந்துச்சு. நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல் பெருகுச்சு. இன்னொரு பக்கம் வீட்டுக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டுன்னு பிள்ளைங்களும் குறைஞ்சாங்க. 4 காசு போட்டுச் சோறு ஆக்கின ஊர்லயே, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை விரல் விட்டு எண்ணிடலாம்கிற நிலைமை. 2019-ல, ஒரு மாணவர்கூட இல்லாத 46 பள்ளிகளைத் தற்காலிகமா நூலகமா மாத்தப் போறதா தமிழக அரசு அறிவிச்சுச்சு.

‘பிள்ளைங்க இல்லைன்னா மூடிட்டுப் போகட்டுமே’ன்னு தோணுதா? ஒரு நிமிஷம். வேன் பீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? தறிக்குடோன்லயும் மில்லுலயும் கோழிப்பண்ணையிலயும் வேலை பார்க்க ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்தவங்க பிள்ளைங்க? அதுங்களும் இன்னைக்கு நம்ம யூனியன் ஸ்கூல்லதான் தமிழ் எழுதிப் பழகுதுங்க. தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழக விதிகள் சொல்றது அந்தப் பிஞ்சுக் கால்களை நினைச்சுத்தான்.

காரமடை காட்டின வழி

ஆனா கதை அங்கேயே முடியலை. காரமடை ஒன்றியத்துல இராமம்பாளையம்னு ஒரு ஊர். 2010-களோட ஆரம்பத்துல அந்த ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியை நாடே திரும்பிப் பார்த்துச்சு. ரெண்டே ஆசிரியர்கள். சொந்தப் பணத்தையும் போட்டு, ஊர்க்காரங்களையும் கூட்டுச் சேர்த்தாங்க. டைல்ஸ் தரை, கம்ப்யூட்டர், புரொஜெக்டர்னு கிளாஸ் ரூமே மாறிப்போச்சு. அது ஒண்ணும் மாயாஜாலம் இல்லை. 1958-ல நம்ம பெரியவங்க பண்ணின அதே ஃபார்முலாதான்.

அதனால உங்களுக்குச் சின்னதா ஒரு ஹோம்வொர்க். இந்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ செல்போனை நோண்டிட்டே திண்ணையில உக்காராம, உங்க ஊர் யூனியன் ஸ்கூல் வரைக்கும் ஒரு நடை போங்க. எந்த வருஷம் ஆரம்பிச்சாங்கன்னு பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லி ஹெச்.எம்.கிட்ட கேளுங்க. எண்பதைத் தாண்டின பெரியவங்க யாராவது இருந்தா, அரை நாள் ஸ்கூல் ஞாபகம் இருக்குங்களான்னு விசாரிங்க. நீங்களே அங்க படிச்சவரா? 2024-ல மாத்தி அமைச்ச பள்ளி மேலாண்மைக் குழுக்கள்ல முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. ‘நானும் வர்றேனுங்க’ன்னு கை தூக்குங்க. சனிக்கிழமை 2 மணி நேரம் உக்காந்து நாலு பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தா அதுவும் பெருசுதான்.

நம்ம பாட்டன்மாருங்க 4 காசு போட்டாங்க. நம்ம பங்கு எவ்வளவுன்னு நாமதானுங்க முடிவு பண்ணணும்!